நிலநடுக்கக் காப்பீட்டுக் கட்டணத்தை எப்போதெல்லாம் திருத்துகிறார்கள்?

"நிலநடுக்கக் காப்பீட்டுக் கட்டணத்தை நிறுவனங்கள் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கின்றன? வீடு வாங்கி 20 வருஷமாகிறது, ஒரு தட்டுகூட உடைந்ததில்லை. ஆனாலும் இந்த முறை புதுப்பித்தபோது பிரீமியம் ஏறியிருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் உங்கள் மனசில் இருப்பது அந்த எண் இல்லை என்று நினைக்கிறேன். ஒன்றுமே நடக்காதபோது எதைப் பார்த்து ஏற்றினார்கள், 20 வருஷ அமைதிக்கு ஒரு மதிப்பும் கிடையாதா, இது என்றைக்காவது இறங்குமா. இந்த மூன்றும்தான் கேள்வி. சொத்துக் காப்பீட்டில் விலை நிர்ணயம் செய்யும் வேலையில் 18 வருஷமாக இருக்கிறேன். முதல் பாதி வீடுகளுக்கு நேரடியாகப் பாலிசி கொடுக்கும் நிறுவனத்தில், அப்புறம் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கே காப்பீடு கொடுக்கும் மறுகாப்பீட்டுப் பக்கத்தில். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். நிறுவனத்துக்குள் ஒவ்வொரு வருஷமும் இந்தக் கணக்கை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். அடியிலிருந்து முழுசாகப் போட்டுப் பார்ப்பது சில வருஷங்களுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒரு பெரிய நிலநடுக்கம் வந்துவிட்டால் எந்த அட்டவணையும் இல்லாமல் உடனே பார்ப்பார்கள். பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. பல வருஷம் கணக்கைப் பார்த்துவிட்டு, மாற்றம் தேவையில்லை என்று எழுதி மூடி வைத்ததும் உண்டு. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் பிரீமியம் ஏறியதற்கு விகிதம் காரணமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

பிரீமியம் என்பது காப்பீட்டுத் தொகையை விகிதத்தால் பெருக்கி வருவது. எங்கள் வேலையில் விகிதத்தை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசுவோம். ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட ஒரு கோடி ஆகும், விகிதம் ஆயிரத்துக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் 30,000. அடுத்த வருஷம் சிமென்ட், கம்பி, கூலி எல்லாம் ஏறி, கட்டும் செலவு ஒரு கோடியே 8 லட்சம் என்று நிறுவனம் தொகையை உயர்த்துகிறது. விகிதம் அதே 3 தான். பிரீமியம் 32,400. யாரும் எதையும் மறுபரிசீலனை செய்யவில்லை, ஆனாலும் உங்கள் கையிலிருந்து 2,400 கூடப் போகிறது. பல பாலிசிகளில் இந்தத் தொகை உயர்வு தானாக நடக்கும்படியே எழுதியிருக்கும். அதனால் போன வருஷத்து ஷெட்யூலையும் (பாலிசியோடு வரும் விவரப் பட்டியல்) இந்த வருஷத்து ஷெட்யூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காப்பீட்டுத் தொகை, விகிதம், டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய பகுதி), தள்ளுபடி ஆகிய நான்கு இடங்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது நகர்ந்தது என்று அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் உங்கள் வீட்டு விஷயத்தில் காரணம் இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது, வேறு யாராலும் முடியாது.

சரி, விகிதமே ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாறும் என்பதும் புரியும். அதே ஒரு கோடி வீட்டை 100 பங்காகப் பிரியுங்கள். அந்த இடத்தில் சராசரியாக 200 வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடிய ஒரு நிலநடுக்கம், வந்தால் வீட்டில் 40 பங்கு சேதம். டிடக்டிபிள் 10 பங்கு என்றால் நிறுவனம் கொடுக்க வேண்டியது 30. அதை 200 வருஷத்துக்குப் பரப்பினால் வருஷத்துக்கு 0.15 பங்கு, அதாவது ஆயிரத்துக்கு 1.5. மேலே சொன்ன 3-ல் பாதி இதற்கே போய்விட்டது. மீதிப் பாதியில் மறுகாப்பீட்டுச் செலவு, அந்த ஒரு நாளுக்காகப் பெரிய தொகையைத் தயாராக வைத்திருப்பதற்கான செலவு, முகவர் கமிஷன், அலுவலகச் செலவு, வரி, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். உண்மையில் ஒரு நிலநடுக்கத்தை வைத்து இல்லாமல் ஆயிரக்கணக்கான கற்பனை நிலநடுக்கங்களை வைத்துப் போடுகிறோம். கணக்கின் எலும்புக்கூடு இதுதான்.

இதில் உங்கள் 20 வருஷம் எங்கே வருகிறது? வருவதே இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. தீ விபத்து என்றால் ஒரு நிறுவனத்துக்கு வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில் கிளெய்ம் வரும். அஞ்சு வருஷக் கணக்கை எடுத்தாலே விகிதம் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். நிலநடுக்கத்தில் அப்படி இல்லை. 200 வருஷத்துக்கு ஒருமுறை என்று நாங்கள் நினைக்கும் இடத்தில் 20 வருஷம் ஒன்றும் நடக்காமல் இருக்க வாய்ப்பு ஏறத்தாழ 90%. நாங்கள் தப்புக் கணக்குப் போட்டு, உண்மையில் அது 100 வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடியது என்றாலும், 20 வருஷம் சும்மா இருக்க வாய்ப்பு 82%. அதாவது ஆபத்து இரண்டு மடங்காக இருந்தாலும் உங்கள் 20 வருஷம் பெரும்பாலும் இதே மாதிரிதான் கழிந்திருக்கும். அந்த அமைதியை வைத்து எங்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. வண்டிக் காப்பீட்டில் கிளெய்ம் இல்லாத வருஷத்துக்குத் தள்ளுபடி கிடைக்கிறதே என்று கேட்கலாம். அங்கே விபத்தில்லாத வருஷங்கள் ஓட்டுபவரைப் பற்றி எங்களுக்கு ஏதோ சொல்கின்றன. இங்கே ஓட்டுபவர் பூமி. அதன் பழக்கம் 20 வருஷத்தில் தெரியாது.

சில இடங்களில் அமைதி எதிர்த்திசையில்கூட வேலை செய்யும். பூமியின் மேலோட்டுப் பாறைத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று இறுகிக் கிடக்கும் இடத்தில் அழுத்தம் சேர்ந்துகொண்டே போகிறது என்பதால், கடைசி நிலநடுக்கத்திலிருந்து நாள் ஆக ஆக வாய்ப்பு கூடுவதாகச் சில கணக்கு முறைகள் எடுத்துக்கொள்கின்றன. ஜப்பானின் நான்காய் அகழிப் பகுதியில் பெரிய நிலநடுக்கம் அடுத்த 30 வருஷத்தில் வர வாய்ப்பு 70 முதல் 80% என்று 2018-ல் அந்நாட்டு அரசின் ஆய்வுக் குழு அறிவித்தது. 2025 ஜனவரியில் அதை 80% அளவு என்று உயர்த்தினார்கள். இடையில் அங்கே புதிதாக எதுவும் கண்டுபிடித்ததால் வந்த உயர்வு இல்லை அது. பெரிய நிலநடுக்கம் வராமல் நாள் கழிந்ததால் எண் ஏறியது. உங்கள் பகுதிக்கு இந்த முறை பொருந்துமா என்பது நிலநடுக்கம் பிறக்கும் அங்கிருக்கும் நிலப் பிளவின் பழைய வரலாறு எவ்வளவு தூரம் தெரியும் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான இடங்களில் காலத்தைச் சேர்க்காமல் எல்லா வருஷத்துக்கும் ஒரே வாய்ப்பு என்றே கணக்குப் போடுகிறார்கள்.

இனி வேகம். விகிதத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டும் தனித்தனி வேகத்தில் மாறுகிறது. எல்லாவற்றிலும் மெதுவாக நகர்வது நிலவியல். ஒரு நாட்டின் நில அதிர்வு ஆபத்து வரைபடம்தான் எல்லாக் கணக்குக்கும் அஸ்திவாரம். அமெரிக்காவில் புவியியல் ஆய்வு நிறுவனம் இதை 1996, 2002, 2008, 2014, 2018, 2023 என்று வெளியிட்டிருக்கிறது. கிட்டத்தட்ட நாலிலிருந்து ஆறு வருஷ இடைவெளி. நியூசிலாந்தில் 2002, 2010, 2022 என்று இன்னும் மெதுவாகப் போயிருக்கிறது. அந்த வரைபடத்தை எடுத்து, அதன்மேல் கட்டட வகை, மண், கட்டும் செலவு எல்லாம் சேர்த்துப் பேரிடர் மாடல், அதாவது சேதத்தைக் கணிக்கும் கணினிக் கணக்கு முறை, செய்பவர்கள் தனியாக இருக்கிறார்கள். ஏஐஆர், ஆர்எம்எஸ் என்ற பெயர்களில் 1980-களின் கடைசியில் தொடங்கியவை இதில் பழையவை. இன்று முதலாவது வெரிஸ்க் நிறுவனத்தின் கையிலும் இரண்டாவது மூடிஸ் கையிலும் இருக்கின்றன. புதிய வரைபடம் வந்த அன்றே மாடல் மாறாது. மாடல் மாறிய அன்றே காப்பீட்டு நிறுவனம் அதற்குத் தாவாது. சோதித்துப் பார்த்து, பழைய முடிவோடு ஒப்பிட்டு, மேலிடத்தில் ஒப்புதல் வாங்கி எடுத்துக்கொள்ள ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே விஞ்ஞானிகள் ஒரு புது விஷயத்தைச் சொல்வதற்கும் அது உங்கள் பிரீமியத்தில் தெரிவதற்கும் நடுவில் இரண்டு மூன்று வருஷம் ஓடியிருக்கும்.

மாடல் மாறும்போது அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். பெரிய திரையில் ஒரு வரைபடம் போடுவார்கள். விகிதம் ஏறும் இடங்கள் சிவப்பு, இறங்கும் இடங்கள் நீலம். மொத்தமாகப் பார்த்தால் சராசரி அசைந்தே இருக்காது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு தெருவின் இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் நீலம். பழைய மாடலில் அந்த வட்டாரம் முழுசும் ஒரே மண் என்று இருந்திருக்கும். புதியதில் ஆற்றோரம் இருக்கும் பாதிக்குத் தளர்ந்த மண், மேட்டுப் பக்கத்துக்குப் பாறை என்று பிரித்திருப்பார்கள். ஜப்பானில் 2022 அக்டோபரில் செய்த திருத்தத்தில் நாடு முழுக்க எடுத்த சராசரி 0.7% குறைந்தது. அதே திருத்தத்தில் சில மாகாணங்களில் சில வகை வீடுகளுக்குக் கிட்டத்தட்ட 30% ஏறியது, ஒய்தா மாகாணத்தில் ஒரு வகைக்குக் கிட்டத்தட்ட பாதியாக இறங்கியது. சராசரி குறைந்தது என்று செய்தியில் படித்துவிட்டுத் தன் பிரீமியம் ஏறியதைப் பார்ப்பவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அவர்களை ஏமாற்றவில்லை, அவர்கள் வீடு நிற்கும் இடத்தைப் பற்றிய கணிப்பு மாறியிருக்கிறது.

வேகமாக நகர்வது மறுகாப்பீடு. உங்கள் நிறுவனம் ஒரே ஊரில் ஐம்பதாயிரம் வீட்டுக்குப் பாலிசி கொடுத்திருந்தால், ஒரே நாளில் ஐம்பதாயிரம் பேரும் வாசலில் நிற்பார்கள். அந்தச் சுமையில் பெரும்பகுதியை உலகளவில் இயங்கும் மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் ஏற்றிவிடுகிறார்கள். அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஒரு வருஷத்துக்குத்தான். ஜனவரி 1 தான் பெரிய நாள், ஜப்பானிய ஒப்பந்தங்களுக்கு ஏப்ரல் 1. டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் மேஜையில் ஒரு நாட்டின் மொத்த வீடுகளும் ஒரு எக்ஸெல் கோப்பாகக் கிடக்கும். நாங்கள் ஒரு விலை சொல்வோம், தரகர் இன்னொன்று சொல்வார், நடு ராத்திரியில் எங்கேயோ ஒரு இடத்தில் ஒத்துப்போவோம். அந்த விலை அடுத்த சில மாதங்களில் உங்கள் நிறுவனத்தின் செலவாகி, பிறகு உங்கள் விகிதத்தில் ஏறும். இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மறுகாப்பீட்டுக்காரரின் பணப்பெட்டி ஒன்றுதான். புயலுக்கும் அதிலிருந்துதான் எடுக்கிறார், நிலநடுக்கத்துக்கும் அதிலிருந்துதான். 2022 செப்டம்பர் கடைசியில் ஃப்ளோரிடாவைத் தாக்கிய இயன் புயலில் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அடுத்த ஜனவரி 1-ல் சொத்துப் பேரிடர் மறுகாப்பீட்டு விலை உலகம் முழுக்கக் கடுமையாக ஏறியது. நிலநடுக்கமே வராத இடங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. கண்ணால் பார்க்காத ஒரு புயலுக்கு நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் இந்த வழியாக அது நடக்கிறது. பிறகு முதலீடு திரும்பி வந்து இந்த விலை இறங்கவும் செய்யும். உங்கள் விகிதம் இறங்க நியாயமான வழிகளில் இதுவும் ஒன்று. ஏறும்போது வந்து சேரும் வேகத்தில் இறங்கும்போது வந்து சேராது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வேகம் சட்டத்தின் கையில் இருக்கிறது. நிறுவனம் எத்தனை முறை கணக்குப் போட்டாலும், ஒழுங்குமுறை அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் மாற்ற முடியும் என்று இருக்கும் இடங்களில் அதுவே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கலிஃபோர்னியாவில் 1988-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 103-ஆவது முன்மொழிவின்படி வீட்டுக் காப்பீட்டு விகிதத்தை முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் மாற்ற வேண்டும். உயர்வு 7 சதவீதத்தைத் தாண்டினால் நுகர்வோர் தரப்பு விசாரணை கேட்கலாம். அந்த விண்ணப்பம் தயாரிப்பதே மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை என்பதால் யாரும் ஆசைக்காக அடிக்கடி போடுவதில்லை. ஜப்பானில் வீட்டு நிலநடுக்கக் காப்பீட்டுக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே அடிப்படை விகிதத்தைப் பயன்படுத்துகின்றன. லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் என்ற கொள்கையில் அதைக் கணக்கிடும் பொது அமைப்பு ஒவ்வொரு வருஷமும் விகிதம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிறது. ஆனால் மாற்றம் வந்த வருஷங்களைப் பாருங்கள்: 2014-ல் சராசரியாக 15.5% உயர்வு, 2017-ல் 5.1, 2019-ல் 3.8, 2021-ல் 5.1, பிறகு 2022-ல் முன்னே சொன்ன சிறு குறைவு. நடுவில் உள்ள மூன்றும் உண்மையில் ஒரே மறுபரிசீலனையின் பலன். ஒரேயடியாக ஏற்றினால் மக்கள் தாங்க மாட்டார்கள் என்று மூன்று தவணையாகப் பிரித்தார்கள். அதோடு அங்கே அஞ்சு வருஷம் வரைக்கும் ஒரே பாலிசி எடுக்கலாம். அப்படி எடுத்தவருக்கு நடுவில் நடந்த திருத்தம் எதுவும் தெரியாது, காலம் முடிந்து புதுப்பிக்கும்போது எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் தெரியும். நீங்களும் பல வருஷப் பாலிசி வைத்திருந்தால் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

பெரிய நிலநடுக்கம் வந்தால் மேலே சொன்ன கால அட்டவணை எதுவும் செல்லாது. நியூசிலாந்தில் அரசு நடத்தும் நிலநடுக்கக் காப்பீட்டுக்கு வீட்டுக்காரர்கள் கட்டும் தீர்வை, காப்பீட்டுத் தொகையில் 100 டாலருக்கு 5 சென்ட் என்று பல பத்தாண்டுகளாக அசையாமல் இருந்தது. 2010 செப்டம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் கிறைஸ்ட்சர்ச் பகுதியில் அடுத்தடுத்து நிலநடுக்கம். பிப்ரவரியில் வந்தது 6.3 அளவுதான், ஆனால் நகரத்துக்கு மிக அருகில் வந்ததால் 185 பேர் இறந்தார்கள். மண் குழம்பாகி வீடுகள் உட்கார்ந்துபோன வட்டாரங்கள் பல. 2012 பிப்ரவரியில் தீர்வை 15 சென்ட் ஆனது, 2017 நவம்பரில் 20. பிறகு 2022 அக்டோபரில், ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் உச்சத் தொகையை ஒன்றரை லட்சம் டாலரிலிருந்து மூன்று லட்சமாக உயர்த்தியபோது, தீர்வையை 16 சென்ட்டுக்கு இறக்கினார்கள். பல பத்தாண்டுகள் அசைவே இல்லாமல் இருந்துவிட்டு, பத்தே வருஷத்தில் மூன்று மாற்றம். எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு ஒற்றை எண் சொல்ல நான் தயங்குவது இதனால்தான்.

விகிதத்தை ஏற்றுவதற்குப் பதிலாகக் கடையையே மூடுவதும் நடந்திருக்கிறது. 1994 ஜனவரி 17-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் நார்த்ரிட்ஜில் 6.7 அளவில் வந்த நிலநடுக்கம், அதுவரை யாரும் குறித்து வைத்திராத, மேற்பரப்புக்கு வராமல் புதைந்து கிடந்த ஒரு பிளவில் வந்தது. அதற்கு முன் பல வருஷம் சேர்த்த நிலநடுக்க பிரீமியத்தையெல்லாம் விழுங்கிவிட்டு மேலும் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக் காப்பீடு விற்பவர்கள் நிலநடுக்கக் காப்பீட்டையும் தருவதாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்ததால், பல நிறுவனங்கள் புதிதாக வீட்டுக் காப்பீடு விற்பதையே நிறுத்தின. அந்த நெருக்கடியில்தான் 1996-ல் கலிஃபோர்னியா நிலநடுக்க ஆணையம் உருவானது. அதன் விகிதங்கள் அன்றைக்குக் கிடைக்கும் சிறந்த அறிவியலின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் உறுதியானது எது, ஆட்டம் காண்பது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியது என் கடமை. மறுகாப்பீடு வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுகிறது, வரைபடமும் மாடலும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறுகின்றன, பெரிய நிலநடுக்கம் எல்லாவற்றையும் உலுக்கும். இவை உறுதி. உங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கு 0.15 பங்கு என்று வரும் அந்த எண் மட்டும் உறுதியானது இல்லை. ஒரே வீட்டை இரண்டு மாடலில் போட்டு ஒன்றில் வந்த விடை இன்னொன்றில் இரண்டு மடங்காக வந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன், இரண்டையும் செய்தவர்கள் திறமைசாலிகள்தான். 2011 மார்ச் 11-ல் ஜப்பானின் தோஹோகு கடற்கரைக்கு அப்பால் 9.0 அளவில் நிலநடுக்கம் வந்தது. அந்தப் பகுதியில் அவ்வளவு பெரியது வரும் என்று அந்நாட்டின் அதிகாரபூர்வ ஆபத்து வரைபடம் எதிர்பார்த்திருக்கவில்லை. மேலே சொன்ன நான்காய் கணிப்பைக்கூட 2025 செப்டம்பரில் திரும்பத் திருத்தி, ஒரு முறையில் 60 முதல் 90% அல்லது அதற்கு மேல், இன்னொரு முறையில் 20 முதல் 50% என்று இரண்டு எண்களாக வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் விகிதம் போடுகிறவன் ஏதாவது ஒரு எண்ணை எடுத்தாக வேண்டும், எடுத்த எண் தப்பாக இருக்கக்கூடும் என்பதற்காகக் கொஞ்சம் கூட்டியும் வைப்பான். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்த அறியாமைக்கான விலை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதில் எதுவும் உங்கள் கையில் இல்லையே என்று தோன்றும். ஆனால் உங்கள் வீட்டைப் பற்றிய தகவல் உங்கள் கையில் இருக்கிறது, அதை நிறுவனம் தானாக மறுபரிசீலனை செய்வதே இல்லை. விகித அட்டவணையை வருஷா வருஷம் பார்ப்பார்கள். உங்கள் வீடு எந்த வருஷம் கட்டியது, மரச் சட்டமா, கான்கிரீட்டா, செங்கல்லா, எத்தனை மாடி, அடித்தளம் எப்படி என்று பாலிசி எடுத்த அன்று எழுதியது அப்படியே கிடக்கும். நான் நேரடி நிறுவனத்தில் இருந்தபோது ஒரு அம்மா, பக்கத்து வீட்டுக்காரரைவிடத் தனக்கு ஏன் இவ்வளவு அதிகம் என்று மூன்று முறை கடிதம் எழுதியிருந்தார். மூன்று முறையும் மாடல் அப்படித்தான் சொல்கிறது என்று பதில் போயிருந்தது. நான்காவது கடிதம் என்னிடம் வந்தது. முகவரியை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். வீட்டு எண் தப்பாகப் பதிவாகியிருந்ததால் கணினி தெருவைக் கண்டுபிடிக்க முடியாமல், அந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் நடுப்புள்ளியில் வீட்டை வைத்திருந்தது. அந்தப் புள்ளி விழுந்த இடம் ஏரியை மண் கொட்டித் தூர்த்த நிலம். வீடு உண்மையில் நின்றது இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பாறை மேட்டில். கட்டிய வருஷம் என்ற இடத்தில் தெரியாது என்று இருந்தது. தெரியாது என்று போட்டால் மாடல் சராசரியை எடுத்துக்கொள்ளும், புது வீட்டுக்கு அது நஷ்டம். இரண்டையும் திருத்தியதும் பிரீமியம் பாதிக்கும் கீழே வந்தது. ஏழு வருஷம் கூடுதலாகக் கட்டியிருந்தார். அந்த ஏழு வருஷத்தில் நாங்கள் விகிதத்தை மூன்று முறை மறுபரிசீலனை செய்திருந்தோம், ஒரு முறைகூட அந்த வீடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

தள்ளுபடியும் அப்படித்தான், கேட்டு ஆவணம் கொடுத்தால்தான் வரும். ஜப்பானில் 1981 ஜூன் முதல் கட்டிய வீட்டுக்கு 10%, அதிர்வு தாங்கும் தரத்தில் மிக உயர்ந்த மூன்றாம் நிலைக்கு 50% தள்ளுபடி உண்டு. மேலே சொன்ன 5.1, 3.8, 5.1 எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த 50-க்குப் பக்கத்தில் வராது. கலிஃபோர்னியா ஆணையம், பழைய வீட்டை அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, அடித்தளத்துக்கு மேலே நிற்கும் குட்டைச் சுவர்களைப் பலகை அடித்து வலுப்படுத்தியிருந்தால் 25% வரை தள்ளுபடி தருகிறது. உங்கள் நிறுவனத்தில் இப்படி என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வலுப்படுத்தும் வேலைக்கு இன்னொரு பலனும் உண்டு, அது பிரீமியத்தைவிடப் பெரியது: வீடு நிற்கும்.

டிடக்டிபிளைக் கூட்டிப் பிரீமியத்தைக் குறைக்கலாமா என்றும் அடுத்து கேட்பீர்கள். முன்னே போட்ட கணக்கில் 10-ஐ 15 ஆக்கினால் நிறுவனம் கொடுப்பது 30-லிருந்து 25, நஷ்டப் பகுதி ஆயிரத்துக்கு 1.5-லிருந்து 1.25. ஆனால் இந்தச் சதவீதம் சேதத்தின் மேல் இல்லை, மொத்தக் காப்பீட்டுத் தொகையின் மேல் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் 12 பங்கு சேதம் என்றால் 10 டிடக்டிபிளில் உங்களுக்கு 2 வரும், 15-ல் ஒன்றும் வராது. ஒரு கோடி வீட்டில் 12 லட்சத்துக்கு விரிசல் விழுந்து, காப்பீட்டிலிருந்து ஒரு பைசாகூட வராமல் போவதைத் தாங்கும் சேமிப்பு இருக்கிறவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

கடைசியாக, கோபத்தில் இந்த வருஷம் விட்டுவிட்டு, விகிதம் இறங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஒரு இடத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அதிர்வு வந்துவிட்டால் பல நிறுவனங்கள் அங்கே புதுப் பாலிசி கொடுப்பதைச் சில நாளோ சில வாரமோ நிறுத்திவிடும். பின்னதிர்வுகள் அடங்க வேண்டும் என்று காத்திருப்பார்கள். ஏற்கெனவே பாலிசி உள்ளவர்களுக்கு அது தொடரும், வெளியே நிற்பவர்கள் வெளியேதான். அதனால் விடுவதாக இருந்தாலும், முதலில் புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்னால் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் வீட்டை எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் வைத்திருக்கிறீர்கள், கட்டிய வருஷம், கட்டட வகை, அடித்தளம் என்று என்ன பதிவாகியிருக்கிறது, போன வருஷத்திலிருந்து மாறியது தொகையா விகிதமா, விகிதம் என்றால் அது எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இவ்வளவும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். ஒன்றரை மாதம் இருந்தால் அண்டர்ரைட்டரால் (உங்கள் பாலிசியை ஏற்று விலை வைப்பவர்) கோப்பைத் திறந்து திருத்த முடியும். கடைசி வாரத்தில் கேட்டால் பழைய தகவலோடுதான் புதுப் பாலிசி அச்சாகி வரும். பதில் வந்ததும் ஷெட்யூலில் நான் சொன்ன அந்த நான்கு இடங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள், பெயரும் முகவரியும் இல்லாமல். எது நகர்ந்தது என்று சேர்ந்து பார்க்கலாம்.